கேரவன் முகாம்களில் செயற்கைப் புல்

மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் பந்தாட்டக் களங்கள் இப்போது நம் சிறு பட்டணங்களிலும் தோன்றிவிட்டன. அவற்றில் பச்சைப் பசேலென விரிக்கப்பட்டிருக்கும் செயற்கைப் புல்லை அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். அதே பண்டம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேறோர் இடத்திலும் பரவி வருகிறது. வண்டியிலேயே குடும்பத்தோடு வசித்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோர் தங்கும் கேரவன் முகாம்களே அவ்விடம். கடல் கடந்த அம்முகாம்களில் எதை விரித்தால் நமக்கென்ன என்று கேட்பதற்கில்லை. கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையை அறிவித்தது. மறு வருஷமே வாகமண் மலையில் ஒரு முகாம் திறக்கப்பட்டது. மலைச்சரிவில் தோட்டம் வைத்திருக்கும் விவசாயியிடம் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு நாளை எவரேனும் வரக்கூடும். அன்று அந்நிலத்தின்மேல் எதை விரிப்பது என்னும் கேள்வி எழும். தென்னை நார்ச் சங்கங்களுக்கும் அக்கேள்வியில் பங்கு உண்டு. ஆகவே அமெரிக்கர் கண்ட அனுபவத்தை நாம் முன்கூட்டியே ஆராய்ந்து வைப்பது நல்லது.

கேரவன் என்றதும் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டியே நம்மவருக்கு நினைவு வரும். அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பங்களும் வைத்திருக்கும் உடைமை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். வேலையினின்று ஓய்வு பெற்றோர் பனிக்காலத்தில் வட மாநிலங்களை விட்டு அரிஸோனாப் பாலைநிலத்துக்கு வந்து, குவார்ட்ஸைட் போன்ற ஊர்களின் அருகில் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வசிக்கின்றனர். முகாம் நடத்துவது பெரிய வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. சியாட்டில் நகரத்து உலகக் கண்காட்சிக்குச் சென்ற பிரயாணிகள் தங்குவதற்காக மான்டானா மாநிலத்துப் பில்லிங்ஸ் நகரில் 1962-ல் ஆற்றங்கரையில் ஓர் இடம் ஏற்படுத்தப்பட்டது. கே.ஓ.ஏ. எனப்படும் முகாம் ஸ்தாபனம் பல மாநிலங்களிலும் கிளைத்தது அதிலிருந்துதான்.

இத்தகைய முகாமில் ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இடம் அளந்து விடப்பட்டிருக்கும். வண்டி நிற்பதற்குச் சரளையோ கான்கிரீட்டோ இட்ட தளம் இருக்கும். மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் இணைப்புகள் இருக்கும். வண்டியின் கதவைத் திறந்து இறங்கினால் உட்காருவதற்கு ஒரு துண்டு நிலம், அதில் ஒரு மேஜை, விறகு எரிக்க ஓர் இரும்பு வளையம். தொல்லை முழுவதும் இத்துண்டு நிலத்தைப் பற்றியதே. வருகிற குடும்பம் ஒவ்வொன்றும் அதே இடத்தில் நாற்காலி போடுகிறது. அதே தடத்தில் நடக்கிறது. போதாக்குறைக்குக் கதவடியில் மண் ஒட்டாதிருக்க ஒரு விரிப்பையும் விரிக்கிறது. அவ்விரிப்பு பாலிப்ரொப்பிலீன் இழையால் பாய்போல நெய்யப்பட்டது. அதன்கீழ் வெளிச்சமும் காற்றும் இன்றிப் புல் சில நாட்களில் வெளிறி மடிகிறது. இதனால் புல்லின்மேல் விரிப்பு விரிக்கலாகாது என்று பல முகாம்களில் விதி செய்திருக்கின்றனர். விதி செய்வது எளிது. பணம் கொடுத்துத் தங்க வந்தவரோடு முகாம்காரர் நாள்தோறும் வழக்காட முடியுமா? மழை பெய்தால் அவ்விடம் சேறு. வெயில் காய்ந்தால் புழுதி. இரண்டும் வண்டிக்குள் புகுகின்றன. சினம் கொண்ட குடும்பம் மறு வருஷம் வேறு முகாமுக்குச் சென்றுவிடுகிறது. முகாம்காரர் செயற்கைப் புல்லை நாடுவது வெறும் ஆடம்பரத்தால் என்று கூறிவிடுவது நியாயமாகாது.

இப்பண்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை நெசவாளர் அங்கத்தினர் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் இது அவர்கள் தொழிலுக்குத் தூரத்து உறவு. டர்க்கி துண்டின்மேல் நூல் வளையங்கள் எழுந்து நிற்கின்றன அல்லவா? அவ்வளையங்கள் தறியிலேயே, தளர்வாக விடப்பட்ட இரண்டாவது பாவினால் உண்டாகின்றன. செயற்கைப் புல்லிலோ முன்னமே நெய்து வைத்த ஒரு துணியின் ஊடே வரிசை வரிசையான ஊசிகள் இழையைக் குத்தி ஏற்றுகின்றன. ஏற்றிய வளையத்தைக் கத்தி அறுத்துவிட, இழை புல்லின் தாள்போல் நிமிர்ந்து நிற்கிறது. இழை கழன்று வராதபடி துணியின் பின்புறத்தில் லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பூசப்படுகிறது. முதலில் நைலான் இழை உபயோகமாயிற்று. இப்போது பெரும்பாலும் பாலிஎதிலீன்.

இம்முறை ஆலையில் பிறந்ததன்று. ஜார்ஜியா மாநிலத்து டால்ட்டன் ஊரின் அருகே கேதரின் எவான்ஸ் என்னும் குடியானவக் குடும்பத்துப் பெண், 1895-ல் கையூசியால் தடித்த நூலைத் துணியில் ஏற்றி, நுனியை அறுத்துப் பூப்போல விரியச் செய்து ஒரு படுக்கை விரிப்பைத் தயாரித்தார். 1900-ல் அத்தகைய விரிப்பு ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றார். வேண்டுவோர் பெருகவே சுற்று வட்டாரத்துப் பெண்கள் பலரும் அவ்வேலையைக் கற்றனர். வியாபாரிகள் சித்திரம் அச்சிட்ட துணியையும் நூலையும் வீடு வீடாகக் கொடுத்து, முடிந்த விரிப்பைக் கூலி தந்து எடுத்துச் சென்றனர். நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முறையை அறிந்த நம் அங்கத்தினர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளோரிடாவை நோக்கிக் காரில் செல்வோர் கண்ணில் படும்படி நெடுஞ்சாலை ஓரத்தில் கொடி கட்டி அவ்விரிப்புகளைத் தொங்கவிட்டனர். மயில் உருவம் தீட்டியவை அதிகம் தொங்கியதால் அச்சாலைக்கு மயில் சந்து என்றே பெயர் வந்துவிட்டது. 1930-களில் இயந்திர ஊசிகள் வந்தன. 1933-ல் ஏற்பட்ட கூலி விதிகளும் வீட்டு வேலையைக் குறைத்து ஆலை வேலையைப் பெருக்கின. யுத்தத்துக்குப் பின் அகன்ற இயந்திரங்களால் அவ்வூர் கம்பள ஆலைகளின் தலைநகரமாயிற்று. செயற்கைப் புல் செய்யும் பெரிய ஆலைகளும் இன்று அங்கேயே உள்ளன. சாலையோரத்தில் பிரயாணிகளுக்குப் படுக்கை விரிப்பு விற்ற தொழில் இப்போது பிரயாணிகள் தங்கும் முகாமுக்குப் புல் விற்கிறது. கையூசிப் பெண்களுக்கு அந்நாளில் ஒரு சங்கம் இருந்திருப்பின் அவ்வியந்திரங்களில் சிலவேனும் அவர்களுடையனவாக இருந்திருக்குமோ என்று எண்ணுவது நம் தொழிற்புத்தி!

விளையாட்டுக்காக இதை முதலில் விரித்தது 1964-ல், ராட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில். உலகறியச் செய்தது ஹூஸ்டன் நகரத்துக் கூரை வேய்ந்த விளையாட்டரங்கம். 1965-ல் திறக்கப்பட்டபோது அதனுள் மெய்யான புல்லே இருந்தது. கண்ணாடிபோன்ற கூரையின் வழியே வந்த கூச்சத்தால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெளிச்சமின்றிப் புல் செத்தது. 1966-ல் செயற்கைப் புல் விரிக்கப்பட்டது. புல் உயிர் வாழ வழியில்லாத இடத்தில்தான் அது முதன்முதலாகப் பெயர் பெற்றது என்பதை அங்கத்தினர் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

புல் வாழ வழியில்லாமை இரு வகைப்படும். ஒன்று நீர் இன்மை. நெவாடா மாநிலத்து லாஸ் வேகஸ் பகுதி கொலராடோ ஆற்றை நம்பி வாழ்வது. ஒரு சதுர அடிப் புல்தரையை அகற்றிப் பாலைச் செடிகளை வைத்தால் ஆண்டுக்கு 55 காலன், அதாவது இருநூறு லிட்டருக்கு மேல், நீர் மிச்சமாகும் என்பது அங்குள்ள நீர் ஆணையத்தின் கணக்கு. அழகுக்காக மட்டும் வைத்த, எவரும் கால் வைக்காத புல்லுக்கு 2027 தொடக்கம் முதல் ஆற்று நீர் பாய்ச்சலாகாது என்று 2021-லேயே அம்மாநிலம் சட்டம் செய்தது. தனி வீடுகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அச்சட்டத்தின் நோக்கை நாம் பாராட்டுகிறோம். பயன்படும் புல், பயன்படாத புல் என்று அது பிரிக்கிறது. ஆனால் பயன்படாத புல்லுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக்கை விரி என்று அது கூறவில்லை. நீரே செலவில்லாத சரளையும் வறட்சியைத் தாங்கும் செடியும் இருக்கின்றன. நீர் மிச்சம் என்னும் ஒரே காரணத்தைக் காட்டிச் செயற்கைப் புல் விற்போர் இதை மறைத்துப் பேசுகின்றனர். மற்றொரு வகை, மிதி. நாய்களை அவிழ்த்துவிடும் வேலியிட்ட அடைப்பு, வண்டியின் கதவடி, சிறு குழிப் பந்தாட்டத் தரை ஆகியவற்றில் எவ்வளவு நீர் விட்டாலும் புல் நிற்காது. இங்கே செயற்கைப் புல்லுக்கு இடமுண்டு.

இனி வெப்பத்தைப் பார்ப்போம். யூட்டா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-ல் தம் விளையாட்டுத் திடலில் அளந்தபோது, காற்றின் வெப்பம் 98 டிகிரி பாரன்ஹீட் இருந்த நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 200 டிகிரியை எட்டிற்று. நம் அளவில் சொன்னால், 37 டிகிரி சென்டிகிரேடு வெயிலில் 93 டிகிரி. தண்ணீர் தெளித்தபோது குளிர்ந்தது. சில நிமிடங்களில் மீண்டும் ஏறிவிட்டது. நீரைச் சேமிக்க விரித்த விரிப்புக்கே நீர் தெளிக்க வேண்டியிருப்பதைக் கவனிக்க! அங்கே சோதித்தது ரப்பர்த் துகள் இட்ட பந்தாட்டத் திடல். முகாமில் பெரும்பாலும் மணல் இடுவதால் சூடு சற்றுக் குறையலாம். எனினும் மெய்ப்புல் தன் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அவ்வித்தை தெரியாது. முகாமுக்கு வருவோரில் குழந்தைகளும் நாய்களும் அதிகம். இரண்டும் வெறுங்காலோடு ஓடுபவை. ஆகவே நிழல் இல்லாத வெளியில் அதை விரிப்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

நெருப்பு அடுத்தது. பாலிஎதிலீன் 120 டிகிரி சென்டிகிரேடு அளவிலேயே உருகத் தொடங்கும். விறகு வளையத்திலிருந்து தெறிக்கும் ஒரு பொறி, கரியடுப்பிலிருந்து விழும் ஒரு கங்கு, தவறி வைத்த ஒரு சூடான சட்டி ஆகிய எதுவும் அதில் ஆறாத வடுவை உண்டாக்கும். மெய்ப்புல்லில் விழுந்த கங்கின் தழும்பை அடுத்த மழை மறைத்துவிடும். கூடாரம் அடிப்போரின் முளைகளும் துணியைக் கிழிக்கின்றன. வண்டியின் சக்கரம் ஏறினால் இழை படுத்துவிடும். எண்ணெய் சொட்டினால் கறை போகாது. நாய் அடைப்பில் மட்டும் வேறு தொல்லை. சிறுநீரை உண்டு செரிக்க அங்கே உயிருள்ள மண் இல்லை. அடியில் நல்ல வடிகாலும் வாரந்தவறாத கழுவுதலும் இல்லாவிட்டால் நாற்றம் அண்டை வண்டிக்காரரை விரட்டிவிடும்.

கூட்டுறவு இன்ஸ்பெக்டர்களாகிய நமக்கு இவையெல்லாவற்றையும்விடக் கணக்குப் புத்தகமே கண்ணில் படுகிறது. செயற்கைப் புல் விற்போர் பராமரிப்புச் செலவே இல்லை என்று கூறுவர். தண்ணீரும் வெட்டும் இயந்திரமும் வேண்டாம் என்பது மெய். ஆனால் சருகு வாரவும், படுத்த இழையைத் துடைப்பத்தால் நிமிர்த்தவும், ஓரங்களில் முளைக்கும் களையைப் பிடுங்கவும் ஆள் வேண்டும். இவை சில்லறை. முக்கியமானது தேய்மானம். மெய்ப்புல் ஒவ்வோர் ஆண்டும் செலவு வைக்கிறது. அதனை அவ்வாண்டின் வரவிலிருந்தே கழித்துவிடுகிறோம். செயற்கைப் புல்லோ ஒரு சொத்து; நாளொரு பங்காகத் தேய்வது. பந்தாட்டத் திடலில் எட்டுப் பத்து வருஷம் என்பது அதன் ஆயுள்; மிதி குறைந்த இடத்தில் கூடுதலாக உழைக்கும். பத்தாண்டு உழைக்கும் விரிப்பு ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் பதினாயிரம் ரூபாயைத் தேய்மான நிதியில் ஒதுக்காத ஸ்தாபனம், ஒன்பது வருஷம் லாபம் காட்டிவிட்டுப் பத்தாம் வருஷத்தில் கடன் கேட்டு நிற்கும். விரிப்பின் அடியில் மண்ணைத் தோண்டி, உடைத்த கல்லைப் பரப்பி, இறுக்கி, வடிகால் அமைத்த செலவு வேறு. பழையதை அப்புறப்படுத்தும் செலவு வேறு. இவ்விரண்டும் விலைப்பட்டியலின் முதல் பக்கத்தில் காணப்படுவதில்லை.

அப்புறப்படுத்துவது என்றோம். எங்கே? பாலிஎதிலீன் இழை, பாலிப்ரொப்பிலீன் துணி, பாலியூரித்தேன் பூச்சு, இடையிடையே புகுந்த மணல் ஆகிய நான்கையும் பிரித்தாலன்றி மறுபடி உருக்கி உபயோகிக்க இயலாது. பிரிப்பது எளிதன்று. ஆகவே பெரும்பகுதி குப்பைக் குழிக்கே செல்கிறது. உழைக்கும் காலத்திலும் இழை வெயிலில் நொறுங்கித் துகளாகி மழை நீரோடு ஓடுகிறது. முகாம்கள் பெரும்பாலும் ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் அமைவதால் இதனை அற்பம் என்று தள்ளலாகாது. திடல்களில் இழைகளுக்கிடையே தூவப்படும் பிளாஸ்டிக், ரப்பர்த் துகள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தடை விதித்தது. எட்டு வருஷ அவகாசம் தந்து 2031 அக்டோபரில் அத்தடையை அமலாக்க ஏற்பாடு செய்துள்ளது. பாஸ்டன் நகரம் 2022-ல் தன் பூங்காக்களில் புதிதாகச் செயற்கைப் புல் இடுவதை நிறுத்தியது. விற்பவர் நாட்டிலேயே ஐயம் தோன்றிவிட்ட பண்டத்தை, நாம் புதுமை என்று எண்ணித் தோட்டம் முழுவதும் விரிக்க வேண்டுமா?

தென்னை நாரின் பங்கு என்ன என்று பொள்ளாச்சிப் பக்கத்து அங்கத்தினர் கேட்பர். அமெரிக்கருக்கும் நம் நாருக்கும் உறவு பழையது. ஆலப்புழையில் 1859-ல் முதல் தென்னை நார்த் தொழிற்சாலையை நிறுவிய ஜேம்ஸ் டாரா, அயர்லாந்தில் பிறந்த அமெரிக்கர். இன்று அந்நாட்டில் ஆற்றங்கரை அரிக்காமல் காக்கவும், சரிவில் புல் வளர்க்கவும் தென்னை நார் வலை விரிக்கப்படுகிறது. விதையைத் தூவி அதன்மேல் வலையை விரித்து முளையடித்து விடுவர். மழைத்துளியின் அடியை வலை தாங்குகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கண்களின் வழியே புல் மேலெழுகிறது. சில வருஷங்களில் வேர் பிடித்துவிடும். வலை மக்கி மண்ணோடு மண்ணாகும். அப்புறப்படுத்தும் செலவு என்று ஒன்று அதற்கு இல்லை. முகாமின் சரிவுகளுக்கும் பாதை ஓரங்களுக்கும் இதைக் காட்டிலும் ஏற்றது இல்லை என்பது நமது துணிந்த அபிப்பிராயம். செயற்கைப் புல்லின் இழைகளுக்கிடையே ரப்பர்த் துகளுக்குப் பதிலாகத் தென்னை நாரையும் தக்கைத் தூளையும் கலந்து இடுவதும் வழக்கில் வந்திருக்கிறது. நார் ஈரத்தைப் பிடித்துச் சூட்டைத் தணிக்கும். ஆயினும் அதை அவ்வப்போது நனைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பண்டத்தின் குறையையும் மறைக்கலாகாது. தென்னை நார்ப் பாய் வெறுங்காலை உறுத்தும். தொடர்ந்து நனைந்தால் கறுக்கும். பச்சைச் சாயம் ஏற்றினால் வெயிலில் வெளிறும். கோரைப் பாயை மழையில் போட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது. கேரவன் பிரயாணி பிளாஸ்டிக் பாயை வாங்குவது அறியாமையால் அன்று; அது இலேசானது, மடிக்க எளிது, உதறினால் மண் விழுந்துவிடும், நொடியில் உலரும். இவற்றோடு நாம் போட்டியிட்டால் தோற்போம். கூரையின் கீழுள்ள கதவடி மிதியடியும், சரிவில் விரிக்கும் வலையுமே நம் களம்.

நிலத்தைக் குத்தகைக்கு விட நேரும் விவசாய அங்கத்தினர் பத்திரத்தில் இரண்டொரு நிபந்தனைகளைச் சேர்க்கத் தயங்கலாகாது. நிலத்தில் எத்தனை சதுர அடிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு கூடாது என்பதை எண்ணால் குறிக்க வேண்டும். விறகு வளையத்தைச் சுற்றிச் சரளையே இருத்தல் வேண்டும். குத்தகை முடியும்போது விரிப்பையும் அதன் அடியிலுள்ள உடைகல்லையும் குத்தகைக்காரரே தம் செலவில் அகற்றி மேல்மண் இட்டுத் தரவேண்டும். அதற்கு ஈடாக ஒரு தொகையைச் சங்கத்தில் முன்பணமாகக் கட்டவேண்டும். முன்பணம் இல்லாத வாக்குறுதி பத்தாண்டுக்குப் பின் எவர் நினைவிலும் இராது. மேல்மண்ணைச் சுரண்டிக் கல் பரப்பிய நிலத்தில் மறுபடி மிளகுக்கொடி ஏற எத்தனை வருஷமாகும் என்பதை நாம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நார்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்க முகாம்களில் கதவடி விரிப்புகள் பெரும்பாலும் 9 அடிக்கு 12 அடி, 8 அடிக்கு 20 அடி போன்ற அளவுகளில் விற்பனையாகின்றன. வண்டிப் படியின் கீழ் இடும் மிதியடி அவற்றினும் மிகச் சிறியது. வலைக்கு அளவு வேறு; அது சுருளாகவே போக வேண்டும், கண்ணின் அகலமும் ஒரு சதுர மீட்டரின் எடையும் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். சங்கங்கள் அனுப்பும் மாதிரிகளில் இவ்வெடைச் சீட்டு இல்லாதவற்றை வாங்குவோர் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் வலையின் எடையை நிறுத்துப் பதிந்து வைத்தல் நலம்.